ஆகஸ்டில் இடமில்லை

ஓசியெக்,
4 மார்ச் 1984

அக்கா தேஷாவுக்கு,

யெலா எழுதுகிறேன். நானும் மாதோவும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன்.

அப்பாவை அடக்கம் செய்து ஏழு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு புத்தாண்டு அட்டையையும் ஒரே ஒரு தந்தியையும் அதற்கு வந்த பதிலையும் தவிர நமக்குள் எதுவும் போய்வரவில்லை. இப்போது எழுதக் காரணம் உண்டு. ஆகஸ்டில் மாதோவுக்குப் பத்து நாள் விடுப்பு. கல்யாணமான இத்தனை காலத்தில் அவர் என் ஊரைப் பார்த்தது ஒரே முறை, அதுவும் சவப்பெட்டியின் பின்னால் நடந்தபடி. இந்தத் தடவை கடலில் இறங்கிக் குளிக்க வேண்டும் என்கிறார்.

ஓட்டலெல்லாம் எங்களுக்குக் கட்டுபடியாகாது. மாடியில் தெருவைப் பார்த்த என் பழைய அறை போதும். விரிப்பு நாங்களே கொண்டுவருகிறோம். சாப்பாட்டுக்கும் உன்னைச் சிரமப்படுத்த மாட்டோம். அங்கேயும் காபித்தூள் தட்டுப்பாடு என்று கேள்வி. கிடைத்தால் ஒரு பொட்டலம் வாங்கி வருகிறேன்.

அந்த வீட்டில் பாதி என் பெயரில் இருக்கிறது என்பதை ஞாபகப்படுத்த இதை எழுதவில்லை. ஆனால் பாதி என் பெயரில்தான் இருக்கிறது.

பதிலுக்குக் காத்திருக்கும்,
யெலா


துப்ரோவ்னிக்,
22 மார்ச் 1984

யெலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சாகவில்லை. முழங்கை மட்டும் குளிரில் வலிக்கிறது. உங்கள் ஊரில் பனி இன்னும் உருகவில்லை என்று வானொலியில் சொன்னார்கள். கவனமாக இரு.

ஆகஸ்டில் இடமில்லை. மே மாதம் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை எல்லா அறைக்கும் ஆள் எழுதிவைத்துவிட்டார்கள். உன் அறையில் வருடா வருடம் ஷ்டுட்கார்டிலிருந்து ஓர் ஆசிரியரும் மனைவியும் வந்து தங்குகிறார்கள். நான் சமையலறையில் படுக்கிறேன். ஆகஸ்டில் இந்த ஊரில் பாதிப் பேர் சமையலறையில்தான் படுக்கிறார்கள். நீ போன பிறகு வந்த வழக்கம், உனக்குத் தெரியாது.

உன் புருஷன் கடல் பார்க்க ஆசைப்பட்டால் அக்டோபரில் வரட்டும். தண்ணீர் அப்போதும் சூடாகத்தான் இருக்கும், கட்டில் பாதி விலைக்குக் கிடைக்கும். சுண்ணாம்பு குழைக்கிறவருக்கு ஆகஸ்டில்தான் குளிக்க வேண்டும் என்று என்ன கட்டாயமோ.

இனிமேல் வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. தபால்காரனுக்கு மூட்டு வலி, எங்கள் படிக்கட்டு ஏற முடியாது என்கிறான். தலைமைத் தபால் நிலையத்தில் என் பெயருக்கு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

நலமாக இருங்கள்.
தேஷா


ஓசியெக்,
11 ஏப்ரல் 1984

தேஷாவுக்கு,

நாங்கள் சுகம். உன் முழங்கைக்குப் பன்றிக் கொழுப்பைச் சூடாக்கித் தடவு.

உன் கடிதத்தை மாதோவுக்கு வாசித்துக் காட்டினேன். சுண்ணாம்பு வரியை விட்டுவிட்டு வாசித்தேன். அவர் அந்தத் தாளை வாங்கித் தானே படித்துக்கொண்டார். "உன் அக்கா கையெழுத்து அழகா இருக்கு" என்றார், அவ்வளவுதான். அவருக்கு ரோஷம் வராது. எனக்கு வரும்.

என் அறையில் ஜெர்மன்காரர்கள் தூங்குகிறார்கள். நான் பஸ் நிலையத்தில் 'அறை வாடகைக்கு' என்று அட்டையைப் பிடித்து நிற்கும் பொம்பளைகளோடு பேரம் பேச வேண்டும், நான் பிறந்த ஊரில். ஐந்து வருடத்துக்கு முன் அங்கே நில நடுக்கம் வந்தபோது பதறிப்போய்த் தந்தி அடித்தேன். "ஒரு ஜாடி உடைந்தது" என்று ஒரு வரி எழுதினாய். நான் எப்படி இருக்கிறேன் என்றுகூடக் கேட்கவில்லை. அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

இத்தனை கோடையிலும் என் பாதிக்கு வந்த வாடகையை நான் ஒரு முறையாவது கேட்டேனா? இப்போதும் கேட்கவில்லை. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மாதோ ஸாக்ரெப்பில் ஒரு பல் டாக்டர் வீட்டுக்குப் பூச்சு வேலை செய்தார். அந்த டாக்டர் துப்ரோவ்னிக்கில் கோட்டை மதிலுக்குள், நம் வீட்டுப் பக்கம், ஒரு வீடு தேடுகிறார். என் பாதியை அவருக்குக் கொடுத்துவிடப் போகிறேன். ஆகஸ்டில் வீட்டைப் பார்த்து அவரிடம் விவரம் சொல்ல வேண்டும். நீ கதவைத் திறந்தால் போதும், கட்டில் வேண்டாம்.

யெலா


துப்ரோவ்னிக்,
2 மே 1984

யெலாவுக்கு,

இருக்கிறேன். நீங்களும் இருப்பீர்கள்.

பல் டாக்டர் தெருவில் நின்று பார்த்துக்கொள்ளட்டும். வீடு ஓடிப்போகாது. சீசன் நேரத்தில் விருந்தாளிகள் இருக்கும் அறைகளைச் சுற்றிக் காட்ட என்னால் ஆகாது.

வந்தே தீருவேன் என்றால், பட்டிக்காட்டுக்காரி மாதிரி ஏமாந்து போய் நாளைக்கு என் மேல் பழி போடாமல் இருக்கச் சொல்கிறேன், கேள். பஸ் நின்றதும் ஓடி வந்து உன் பெட்டியைப் பிடிப்பவளோடு போகாதே. அவள் வீட்டுக்கு யாரும் இரண்டாம் தடவை வருவதில்லை, அதனால்தான் ஓடுகிறாள். "கடலுக்கு அஞ்சு நிமிஷம்" என்றால் இறங்க ஐந்து நிமிடம், ஏறுவதைச் சொல்ல மாட்டாள். மதிலுக்குள் எடுக்காதே. கோடை விழா முடியும் வரை ராத்திரியெல்லாம் பாட்டு, பாட்டு ஓய்ந்ததும் குப்பை வண்டி. மேல்மாடி வேண்டாம், சாயங்காலம் தண்ணீர் ஏறாது. ஒன்றிரண்டு ராத்திரிக்கு என்றால் விலை கூடுதலாகக் கேட்பார்கள், பத்து நாள் என்று முதலிலேயே சொல்லிவிடு. மெத்தையைத் தூக்கிப் பார். கம்பி வலைக் கட்டில் என்றால் நடு முதுகு போய்விடும், பலகை போட்டதாகக் கேள். குளியலறை உங்களுக்கு மட்டும்தான் என்பார்கள். உள்ளே எத்தனை பல் பிரஷ் இருக்கிறது என்று பார்த்துவிட்டு நம்பு.

இதையெல்லாம் விட, க்ரூஷ் துறைமுகத்தில் மீன் சந்தைக்குப் பின்னால் பச்சை ஜன்னல் வைத்த வீடு இருக்கிறது. கத்தே என்று பெயர். வாய் ஓயாது, ஆனால் விரிப்பு சுத்தம். பின்பக்க அறையைக் கேள். கப்பல் ஊதும், மீன் வாடை அடிக்கும், அதனால் மலிவு. காலை வெயில் நேராகக் கட்டிலில் விழும். என் பெயரைச் சொல்லாதே. எனக்கும் அவளுக்கும் ஆகாது, விலையை ஏற்றிவிடுவாள்.

இனி அக்டோபர் வரை எழுதாதே. எனக்கு நேரமிருக்காது.

தேஷா


ஓசியெக்,
3 ஜூலை 1984

தேஷாவுக்கு,

போன மாதம் எழுதியதற்குப் பதில் இல்லை. இதற்கும் வராது என்று தெரிகிறது. உடம்புக்கு ஏதாவது என்றால் அதையாவது சொல். கோபம் என்றால் சொல்ல வேண்டியதில்லை, அது எனக்குத் தெரியும்.

டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஆகஸ்ட் எட்டாம் தேதி காலை வந்து இறங்குகிறோம். கதவைத் தட்டுவேன். ஜெர்மன்காரர்கள் திறந்தால் அவர்களோடு பேசிக்கொள்கிறேன்.

யெலா


க்ரூஷ், துப்ரோவ்னிக்,
14 ஆகஸ்ட் 1984

அக்காவுக்கு,

உன் ஊரிலிருந்தே உனக்குக் கடிதம் எழுதுகிறேன். நீ எட்டிக்கூடப் பார்க்காததால் வேறு வழியில்லை. நாங்கள் இருவரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை என்பதுதான் இந்தக் கடிதமே.

எட்டாம் தேதி வந்தோம். உன் பேச்சைக் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் பெட்டியைப் பிடித்து இழுத்தவள் முகத்தைப் பார்த்ததும் நீ எழுதியது நினைவுக்கு வந்தது. நேராகப் பச்சை ஜன்னல் வீட்டுக்கு நடந்தோம். பின்பக்க அறை காலியாக இருந்தது. மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன், பலகைக் கட்டில். கத்தே கையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

பெட்டியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம். படியேறும்போதே உன்னிடம் என்ன பேசுவது என்று வரி வரியாகச் சேர்த்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் கதவில் கிடந்த சங்கிலியிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது. எதிர்வீட்டுச் சுவருக்கும் நம் சுவருக்கும் நடுவே முட்டுக் கட்டைகள். கூரையில் பாதி இல்லை. என் ஜன்னலிலிருந்து காட்டு அத்திச் செடி ஒன்று வெளியே எட்டிப் பார்க்கிறது. மாதோ சுவர்ப் பிளவுக்குள் கையை விட்டுப் பார்த்தார். முழங்கை வரை உள்ளே போயிற்று.

சந்துப் படிகளின் அடியில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் மாரோ வெளியே வந்தான். "யெலாதானே? என்ன, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றான். நீ எங்கே என்று கேட்டேன். "நில நடுக்கம் வந்த அன்னிக்கு ராத்திரி ஒரு போர்வையோட இறங்கினா. அதுக்கப்புறம் யாரையும் உள்ள விடல. அஞ்சு வருஷமாச்சு. உனக்குத் தெரியாதா?" கடையில் சவரத்துக்கு உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் சோப்பு முகத்தோடு திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தெரியும் என்று சொன்னேன். வேறென்ன சொல்வது?

கத்தேயிடம் வந்ததும் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளே ஆரம்பித்தாள். "மெத்தையைத் தூக்கிப் பாத்தீங்க, பல் பிரஷ்ஷ எண்ணுனீங்க. இதே மாதிரி செய்யற ஒரே ஒரு ஆளத்தான் எனக்குத் தெரியும். இந்த அறையில குளிர்காலம் பூரா இருப்பாங்க. ஜூன் பொறந்தா நான் காலி பண்ணச் சொல்லிடுவேன். நான் மட்டுமில்ல, இங்க எல்லாருமே அப்படித்தான். வருஷம் முழுக்க ஒருத்தர வெச்சிருந்தா நாங்க எதைச் சாப்பிடறது?" இங்கே வருவதற்கு முன்னால் நீ இருந்தது லாபாத் பக்கம் ஒரு வீடு, அதற்கு முன்னால் துறைமுகத்தில் இரண்டு, எல்லாம் இப்படித்தானாம். அவள் நல்லவள்தான். என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, "தேஷாவுக்கு நீங்க என்ன வேணும்?" என்றாள்.

அப்போதுதான் புரிந்தது, நீ எனக்குச் சொன்னது உன் கட்டிலை. ஊரிலேயே நல்ல கட்டில் அதுதான் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது.

கோடையில் லாபாத் ஓட்டலின் சலவைக் கூடத்தில் வேலை செய்துவிட்டு அங்கேயே மூட்டைகளுக்கு நடுவில் படுக்கிறாய் என்று சொன்னாள். மறுநாள் பின்வாசலுக்கு வந்தேன். காவல்காரன் உள்ளே போய்விட்டு வந்து தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "எனக்குத் தங்கச்சி யாரும் இல்லன்னு சொல்லச் சொன்னாங்கம்மா." மூன்று நாள் வந்தேன். மூன்று நாளும் அதே பதில். வெயிலில் நின்றதில் மாதோவுக்குக் கழுத்தெல்லாம் தோல் உரிந்துவிட்டது.

மாதோ இன்னும் கடலில் இறங்கவில்லை. நாளை மறுநாள் கிளம்புகிறோம்.

யெலா


துப்ரோவ்னிக்,
30 ஆகஸ்ட் 1984

யெலாவுக்கு,

உடம்பைப் பற்றிக் கேட்காதே. நானும் கேட்கவில்லை.

பார்த்தாயா? திருப்திதானே? ஓட்டல் வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாயே, கூட வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் கேட்டார்கள். அவர்களிடம் எனக்கு மதிலுக்குள் வீடு இருக்கிறது, பழுது பார்க்கிறார்கள், சீக்கிரம் போய்விடுவேன் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது அவர்கள் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். அந்த மெதுவான பேச்சை நீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாய்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கவில்லை, ஆனால் கேட்பாய். அப்பா படுக்கையில் கிடந்தபோது மலம் அள்ளியவள் நான். நீ அடக்கத்துக்கு வந்தாய். திரும்பிப் போகும்போது, கல்லறை வாசலில், பாதிரியார் காதில் விழ, "இந்தக் கல்லுக்கூண்ட நீயே கட்டிக்கிட்டு அழு" என்றாய். கல்லுக்கூண்டு பிளந்தபோது உனக்கு எழுதச் சொல்கிறாயா? உன் தந்தி வந்தபோது நான் ஒரு பள்ளிக்கூடத்தில், நூறு பேரோடு தரையில் படுத்திருந்தேன். என்ன எழுதுவது என்று யோசித்தேன். நிஜமாகவே ஒரு ஜாடியும் உடைந்திருந்தது. அதை எழுதினேன்.

நில நடுக்கத்தில் இடிந்ததைப் பழுது பார்க்கும் கமிட்டிக்காரர்கள் அரண்மனைகளையும் கோயில்களையும் முதலில் எடுத்திருக்கிறார்கள். நம் சந்துக்கு எப்போது வருவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

பல் டாக்டரிடம் விற்றுவிடு. உன் பாதியோடு என் பாதியையும் சேர்த்துச் சொல். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன். அதன் பிறகு நமக்குள் எழுத எதுவும் இருக்காது.

தேஷா


ஓசியெக்,
26 செப்டம்பர் 1984

அக்காவுக்கு,

நாங்கள் சுகம். மாதோ கழுத்தில் புதுத் தோல் வந்துவிட்டது.

நான் சொன்னது உண்மை. ஒரு வார்த்தை குறையாமல் அப்படித்தான் சொன்னேன். அதற்கு முந்தின ராத்திரி நீ செய்ததை நீ எழுதவில்லை. மாதோவை மேசையில் உட்கார வைக்காமல் வாசற்படியில் வைத்துச் சோறு போட்டாய். இரண்டும் நடந்தது. நானும் மறக்க மாட்டேன், நீயும் மறக்காதே.

பல் டாக்டர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வெளிச் சுவரை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே முழுவதையும் இடித்து, நான்கு வாடகை வீடாக ஆக்கலாம் என்று மேசையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். "உள்ள யாரும் இல்லையே? ஆள் இருந்தா தொல்லை" என்றார். "இருக்காங்க. காலி பண்ண மாட்டாங்க" என்றேன். மாதோ சிரித்தபடி எழுந்து அவருடைய மேல்சட்டையை எடுத்துக் கொடுத்தார்.

உனக்காக அப்படிச் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த ஆள் கோடு போட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

நவம்பரில் இங்கே பூச்சு வேலை நின்றுவிடும், காரை உறைந்து போகும். மாதோ அங்கே வருகிறார். கீழ் அறையின் மூன்று சுவர் பலமாகத்தான் இருக்கின்றன, நான்காவதைப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். அனுமதிக்கு எஞ்சினியரிடம் அவரே பேசுவார். கத்தே வீட்டின் மாடிச் சிற்றறையைச் சொல்லி வைத்திருக்கிறார், உன் அறையைத் தொட மாட்டார். அவரோடு பேச வேண்டும் என்று உனக்குக் கட்டாயமில்லை. பேசினால் மரியாதையாகப் பேசு.

யெலா


துப்ரோவ்னிக்,
12 பிப்ரவரி 1985

யெலாவுக்கு,

உன் புருஷன் நேற்று பஸ் ஏறினார். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவரே வந்து சேர்ந்திருப்பார். ஒரு சட்டைப் பொத்தான் அறுந்திருந்தது, தைத்துக் கொடுத்தேன். வேறு நிறத்து நூல்தான் இருந்தது, குறை சொல்லாதே.

முதல் வாரம் நாங்கள் பேசவில்லை. நான் தெருவில் நின்று பார்ப்பேன், அவர் உள்ளே வேலை செய்வார். மேலே சரிந்து கிடந்த தரையை முதலில் தாங்கிக் கட்டினார். பிறகு கல்லை ஒவ்வொன்றாகக் கழற்றி, கரி வைத்து அடையாளம் போட்டு, திரும்ப அடுக்கினார். பகல் சாப்பாட்டுக்கு ரொட்டியும் வெங்காயமும் வைத்திருந்தார். மாரோ வேறு எல்லோரிடமும், "தேஷா அந்த ஆளப் பட்டினி போட்டுக் கொல்றா" என்று சொல்லித் திரிந்தான். அதற்காகத்தான் கீரையும் உப்புக்கறியும் வேகவைத்து எடுத்துப் போனேன். சட்டியைக் கல்மேல் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

அவர் சுவரைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "அக்கா, இந்தச் சுவரு உங்கள மாதிரியே. ரெண்டாப் பிளந்தும் விழ மாட்டேங்குது."

மறுநாள் கறி கொஞ்சம் கூடுதலாகப் போட்டேன். அதற்கு மறுநாள் அங்கேயே உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன். மேசை இல்லை, இரண்டு பேரும் வாசற்படியில்தான் உட்கார்ந்தோம்.

எஞ்சினியர் வந்து பார்த்தார். கீழ் அறைக்கும் சமையலறைக்கும் மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறார். மேலே போகக் கூடாது. அத்திச் செடியை மாதோ வேரோடு எடுத்துவிட்டார்.

சுவர் கொஞ்சம் கோணல். அவரிடம் சொன்னேன். தெருவே கோணல் என்கிறார்.

தேஷா


ஓசியெக்,
3 ஏப்ரல் 1985

அக்காவுக்கு,

சுகம். பொத்தானைப் பார்த்தேன். சிவப்பு நூல். அதைப் பிரித்து வேறு நூல் போடுகிறேன் என்றால் சட்டையைத் தர மறுக்கிறார்.

உன்னைப் பற்றி அவரிடம் எவ்வளவோ கேட்டேன். "நல்லா சமைக்கிறாங்க" என்பதைத் தவிர ஒன்றும் பெயரவில்லை. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பற்றி என்ன பேசினீர்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

பார்சலில் மிளகாய்த்தூளும் பிளம் ஜாமும் இருக்கின்றன. ஜாடியைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

யெலா


துப்ரோவ்னிக்,
9 ஜூன் 1985

யெலாவுக்கு,

இருவரும் சௌக்கியம்தானே? எனக்கு முழங்கை வலி குறைந்திருக்கிறது. ஜாம் இனிப்பு அதிகம்.

மே கடைசியில் கத்தே என் அறை வாசலில் வந்து நின்றாள். வருடா வருடம் அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டுதான் அந்தப் பேச்சை ஆரம்பிப்பாள். இந்தத் தடவை அவள் வாயைத் திறப்பதற்கு முன் சாவியை நீட்டினேன். "எங்க போறே?" என்றாள். "வீட்டுக்கு" என்றேன். என் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கீழே வரை வந்தாள். அழுதாள் என்று சொன்னால் நம்ப மாட்டாய். குளிர்கால வாடகை போகிறதே என்று அழுதிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

ஓட்டல் வேலையை விடவில்லை. ஆனால் சாயங்காலமானால் படியேறி வந்துவிடுகிறேன். முதல் ராத்திரி தூக்கம் வரவில்லை. விழாவுக்குப் பாட்டு ஒத்திகை பார்த்தார்கள், அப்புறம் குப்பை வண்டி. இந்தச் சத்தத்தில் ஒருத்தரும் தூங்க முடியாது. எழுந்து உட்கார்ந்து ஒன்று விடாமல் கேட்டேன்.

மாரோ பலகை கொடுத்தான், இரண்டு கட்டில் அடித்தாகிவிட்டது. சுவரோரம் உள்ளது எனக்கு. இன்னொன்று அகலம், இரண்டு பேர் படுக்கலாம்.

நேற்று மத்தியானம் கதவு தட்டும் சத்தம். தோளில் பையோடு ஒரு செக் நாட்டுப் பையனும் பெண்ணும். மாரோ காட்டிவிட்டிருக்கிறான். ஊரெல்லாம் சுற்றிவிட்டோம், எங்குமே கட்டுபடியாகவில்லை, எந்த மூலையாக இருந்தாலும் பரவாயில்லை என்று அந்தப் பெண் அரைகுறையாகச் சொன்னாள். உள்ளே எட்டி அந்த அகலக் கட்டிலைப் பார்த்துவிட்டாள். பாவம், காலில் கொப்புளம் போட்டிருந்தது. குடிக்கத் தண்ணீர் கொடுத்து, கத்தே வீட்டுக்கு வழி சொல்லி, பின்பக்க அறையைக் கேட்கச் சொன்னேன்.

"இந்தக் கட்டிலுக்கு ஆள் இருக்கா?" என்று அந்தப் பையன் கேட்டான். "இருக்கு. என் தங்கச்சியும் அவ வீட்டுக்காரரும் வராங்க" என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் வருவதாக எழுதவில்லை. எழுது. எந்தத் தேதி, எந்தப் பஸ் என்று தெளிவாக எழுது. சீசன் நேரத்தில் கட்டிலைச் சும்மா போட்டு வைத்துக்கொண்டு என்னால் காத்திருக்க முடியாது.

தேஷா